மேட்ரனின் இடது கை

என் அருமை பிலோ அக்கா,

கோபப்படாமல் படி. சுற்றி வளைக்கிறான் என்று நீ சொல்லக் கூடாது என்பதற்காக முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உன் ரோபோவின் மேல் கை வைத்துவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்காகப் பங்கு இதழில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அன்பின் சிகரம், சேவையின் திருவுருவம், அந்த மாதிரி. உட்கார்ந்து எழுதினேன். இரண்டாவது வரிக்கு வரும்போதே நீ பின்னால் நின்று, "யாருடா அந்தப் பொம்பள?" என்று கேட்டது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுக் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று தொடங்கினேன். ஊர் படித்தால் படிக்கட்டும்.

எனவே ஊருக்கும் ஒரு வார்த்தை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த பிலோமினா, லீவு நாளில் பாசஞ்சர் பிடித்து ஆம்பூரில் தம்பி வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டருக்குள் ஐம்பத்தைந்து டன் இரும்பு ரோபோ ஒன்றை ஓட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளினாள். இது இத்தனை நாள் வீட்டு ரகசியம். இன்றோடு போயிற்று.

உன் வீட்டுக்காரருக்கும் இதைப் படித்தால்தான் தெரியும். மாமாவைப் பொறுத்தவரை நீ என் வீட்டில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாய். அந்தப் பெருமையில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நிரலை டைப் அடிக்க உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தாரே! உனக்குத் தெரிந்ததோ ரோபோவை நடத்துகிற நாலு எழுத்தும், சுடுகிற நீளப் பட்டையும். என் மனைவி எமிலிதான் ராப்பகல் பார்க்காமல் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தாள். பங்குத்தந்தையின் பாராட்டும் கேக்கும் உனக்கு. எமிலி அதை இன்னும் மறக்கவில்லை. கேக்கைச் சொல்கிறேன்.

மாமா இப்போது தலைக்கு மை போடுகிறார். பதறாதே, விசாரித்துவிட்டேன். பாடகர் குழுவில் முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறார்களாம், வேறொன்றும் இல்லை. ஆனால் ஒரு காதோரம் கறுப்பு ஜாஸ்தி, இன்னொரு காதோரம் கம்மி. பூசை முழுக்க எனக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. சாமியார் நற்கருணையை உயர்த்துகிறார், நான் மாமாவின் கிருதாவை அளந்துகொண்டிருக்கிறேன்.

என் வியாதிதான் உனக்குத் தெரியுமே. ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் எனக்கு ஜோடி பார்க்கிற வேலை. இடதையும் வலதையும் பக்கத்தில் வைத்து, ஒரே நிறமா, தோலின் சுருக்கம் ஒத்துப்போகிறதா, குதிகால் ஒரே உயரமா என்று பார்த்து, ஓகே முத்திரை குத்திப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒத்து வராததைத் தள்ளி வைக்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கண் அப்படியே பழகிவிட்டது. எமிலி இட்லி வைத்தால் ஒரே அளவில் இரண்டைத் தேடுகிறேன். சித்தப்பா மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் ஒரு கம்மல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஆலங்காயம் வரைக்கும் பிரசித்தம்.

இப்படிப்பட்டவன் கையில் ஒரு ரோபோவைக் கொடுத்தால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் என்னவோ பிள்ளைகள் படிப்புக்கென்றுதான் வாங்கினோம். பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்த வாணியம்பாடி அன்வர் பாய், "பசங்க ஆடட்டும் சார்" என்று நாலைந்து விளையாட்டுகளையும் ஏற்றித் தந்தார். பசங்க கொஞ்ச நாள் கார் ஓட்டிவிட்டுத் தெருவுக்கு கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். வயசான நாம் இரண்டு பேரும்தான் ரோபோ சண்டையில் போய் விழுந்தோம்.

ரோபோவின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவர் நாம். சண்டைக்குப் போகும் முன் ஒரு பட்டறைத் திரை வரும். அதில் வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. லேசர் ஒன்று கூடுதலாக வைத்தால் கவசத் தகட்டைக் குறைக்க வேண்டும். தகட்டைக் கூட்டினால் எஞ்சின் சிறுத்துவிடும். சூடு தணிக்கிற பெட்டிகளை எடுத்துவிட்டால், நாலு முறை சுட்டதும் வண்டி கொதித்து அப்படியே நின்றுவிடும், மே மாதத்து வெயிலில் பள்ளிகொண்டா தாண்டி நின்றுபோகிற லாரி மாதிரி.

நான் எடுத்த எடுப்பில் நூறு டன்னைப் பிடித்தேன். ராஜாளி என்று பேர் வைத்தேன். இடது கையில் என்னவோ அதுவே வலது கையிலும். இடது தோளில் எத்தனை ஏவுகணையோ வலது தோளிலும் அத்தனை. பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது! அது ஒரு சண்டையிலிருந்தும் திரும்பி வந்ததில்லை.

நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். சின்னதும் வேண்டாம், பெரியதும் வேண்டாம் என்று நடுத்தர எடையில் ஒன்றை எடுத்தாய்.

"இன்னாக்கா, நடுவாந்தரமா எடுக்குற?"

"வார்டுல ஓடவும் தெரியணும், நின்னு தாங்கவும் தெரியணும். உன் யானை ரெண்டும் செய்யல."

அதற்கு மேட்ரன் என்று பேர் வைத்தாய். உங்கள் வார்டு மேட்ரன் வராந்தாவில் வருகிற சத்தம் கேட்டாலே நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கும் என்று சொல்வாயே, அந்த மரியாதையில். அதோடு நின்றாயா? இடது கையில் இருந்த ஆயுதத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் கழற்றினாய். இரண்டு பெரிய லேசரையும் வலது கையிலேயே மாட்டினாய்.

"அக்கா, ஒரு கை மொட்டையா நிக்குது."

"அந்தக் கை சண்டை போட இல்லடா. அடி வாங்க."

"பாக்கவே சகிக்கல. ஷூ வாங்குற பையர் பாத்தான்னா கன்டெய்னரோட திருப்பி அனுப்புவான்."

"உன் பையரா வந்து சுடப் போறான்? டேய் சவரி, டிரிப்பு எந்தக் கையில போடுவோம்?"

"இடது கைல."

"ஏன்?"

"ஏன்னா... நீங்க போடுறீங்க."

"வலது கை சும்மா இருந்தாத்தான் பேஷண்ட் சாப்பிடுவான், தண்ணி குடிப்பான், கொசு அடிப்பான். வேலை செய்யுற கையைத் தொந்தரவு பண்ணக் கூடாது. புரிஞ்சுதா? போய் டீ சொல்லு."

அன்றைக்கு மேட்ரன் எதிரிக்கு முன்னால் இடது தோளைக் காட்டிக்கொண்டு போனது. கால் ஒரு பக்கம் நடக்கும், உடம்பு இன்னொரு பக்கம் திரும்பியிருக்கும். கடைத்தெருவில் யாராவது சண்டை போட்டுக்கொண்டால் நம் பெண்கள் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டே கழுத்தை மட்டும் திருப்பி எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்களே, அதே நடை. உனக்கு அது யாரும் சொல்லித் தராமல் வந்தது. வருகிற குண்டையெல்லாம் இடது கை வாங்கிக்கொண்டது. சட்டென்று திரும்பி வலது கையால் ஒரு போடு. மறுபடியும் இடது தோள். சண்டை முடிந்தபோது இடது கை கரிக்கட்டையாகத் தொங்கியது, மற்றதெல்லாம் புதுசு போல இருந்தது. நீ டீயைக் கேட்டாய்.

இன்னொரு சட்டமும் உன்னுடையதுதான். தோற்றால் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்க அந்த விளையாட்டில் வழி இருக்கிறது. நான் எப்போதும் அப்படித்தான் பிழைத்தேன். நீ விடவில்லை. "விழுந்தா விழுந்ததுதான். எங்க வார்டுல மறுபடி முதல்லேர்ந்துன்னு ஒரு பட்டன் கிடையாது." விழுந்த வண்டியை அதே இடத்தில் அழித்துவிட வேண்டும். என் ராஜாளிகள் ஒரு கூட்டமே அப்படிப் போயிற்று. உன் மேட்ரன் ஒன்றேதான், முதல் சண்டையிலிருந்து கடைசிக்கு முந்திய சண்டை வரைக்கும்.

அதோடு நீ படுத்துவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று, நீ வேலை பார்த்த அதே வார்டில், உன் வலது கை போர்வைமேல் நாலு விரலால் தட்டிக்கொண்டே இருந்தது. மாமா உனக்கு நடுக்கம் என்று நினைத்து டாக்டரைக் கூப்பிடப் போனார். எனக்குத் தெரியும், நீ மேட்ரனை நடத்திக்கொண்டிருந்தாய். டிரிப் ஏறிய இடது கை வீங்கிப்போய், ஊசி மாற்ற ஒரு புது நர்ஸ் பெண் வந்தாள். நரம்பு கிடைக்காமல், "சிஸ்டர், ரைட் ஹேண்டுல போட்டுக்கலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. இதுலயே இன்னொண்ணு தேடு. இந்தக் கை அடி வாங்கத்தான் இருக்குது."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. வெளியே வந்து வராந்தாவில் ஒரு நெருப்பணைக்கும் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்ததும் நீ சொன்னாய்: "மேட்ரன் மேல கை வெக்காத. கடைசிச் சண்டை என்னுது. எழுந்து வந்து முடிக்கிறேன்."

சரி என்றேன். நீ சொன்னதை நீ செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.

அதிலிருந்து அந்த மேஜைப் பக்கம் போனால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. தினமும் கம்பெனியிலிருந்து வந்ததும் கம்ப்யூட்டரைப் போடுவேன். பட்டறைத் திரையைத் திறப்பேன். மேட்ரன் ஒரு கை மொட்டையாக நிற்கும். பார்ப்பேன். அணைப்பேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். மறுபடி போடுவேன். "பல்லு வலி வந்த மாதிரி நடக்குறீங்க" என்பாள் எமிலி. விளையாடவும் முடியாது, விடவும் முடியாது. போய் விழுந்துவிட்டால் உன் சட்டப்படி அழிக்க வேண்டும். போகாமலே இருந்தால் உன் கடைசிச் சண்டை அப்படியே கிடக்கும். எது சரி? நீ இருந்தால் கேட்டிருப்பேன். நீ இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

போன மாதம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அன்வர் பாய் வந்து காதை வைத்துக் கேட்டார். நீ நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிற அதே முகம்.

"ஹார்டு டிஸ்க் பேஜார் பண்ணுது சார். போற நேரம் வந்துடுச்சு. இன்னிக்கும் போலாம், தீபாவளிக்கும் போலாம்."

"உள்ள இருக்கறத வேறதுல ஏத்த முடியாதா பாய்?"

"போட்டோ, பாட்டு எல்லாம் ஏத்திடலாம். இந்த கேமை மட்டும் கேக்காதீங்க. புது சிஸ்டத்துல எத்தனையோ வாட்டி போட்டுப் பாத்தேன், தொறக்கவே மாட்டேங்குது. இதுல இருக்குற வரைக்கும்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்காவோடதா?" என்று கேட்டார். காசு வாங்காமல் போய்விட்டார்.

அப்புறம் நான் செய்த காரியத்தைக் கேள். அன்று சாயந்திரம் மேட்ரனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மனசு எங்கோ இருந்தது. கை மட்டும் வேலை செய்தது. வலது கையில் இருந்த இரண்டு லேசரில் ஒன்றைக் கழற்றி இடது கையில் மாட்டிப் பார்த்தேன். சும்மாதான். அப்படியே அதையும் இதையும் சரிசெய்தேன். அடடா, எவ்வளவு அம்சமாக நின்றது! இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்தது போல. திரையை மூடும்போது, இதைச் சேமிக்கவா என்று கேட்டது. வாழ்நாளெல்லாம் நல்ல ஜோடிக்கு ஓகே குத்திய கை. குத்திவிட்டது.

அதன் பிறகுதான் மேட்ரன் மேல் கை வைக்காதே என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது.

லேசரை மறுபடி வலது கைக்கே மாற்றினேன். உன் ஆயுதமெல்லாம் எனக்கு மனப்பாடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எடையைப் பார்த்தால் ஒரு டன் குறைகிறது. மின்விசிறியைப் பிரித்துப் பூட்டிவிட்டு, ஒரு திருகாணி கையில் மிஞ்சினால் எப்படி இருக்கும்? எல்லாம் மாட்டியாயிற்று, ஒரு டன் மட்டும் என் கையில். அது எங்கே இருந்தது? முதுகுத் தகடா? சூட்டுப் பெட்டியா? காலா? சாப்பிடும்போதும் அதே நினைப்பு, பூசையிலும் அதே நினைப்பு. மாமாவின் கிருதாகூட மறந்துபோயிற்று என்றால் பார்த்துக்கொள். கம்பெனியில் மேனேஜர் ஒரு பெட்டியை என் மேஜையில் கவிழ்த்தார். இடது ஷூ காப்பி நிறம், வலது டீ நிறம். நான் ஓகே குத்தியது.

"இன்னா சவரி, கண்ணு போயிடுச்சா?"

"ஒரு டன் காணோம் சார்" என்றேன். அவர் எனக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார்.

எமிலியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் உளுந்து ஊறவைத்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு கைக்கும் தகடு எவ்ளோ போட்டிருக்கீங்க?"

"ஒரே அளவுதான்."

"ஒரே அளவு!" பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள். "ஏங்க, அடி வாங்குற கைக்கும் அடிக்கிற கைக்கும் ஒரே தகடா? அண்ணி இங்க உக்காந்து அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே நெட்டுரு ஆயிடுச்சு. உங்களுக்கு மட்டும் ஏறல. லேசரை மாத்துனீங்க, தகட்டை மறந்துட்டீங்க. உங்க கைக்குத்தான் ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தானே தூக்கம் வரும்."

போய்ப் பார்த்தேன். இரண்டு கைக்கும் ஒரே எண். மொட்டைக் கை என்று நான் கேலி செய்த அந்தக் கையில்தான் நீ அந்த ஒரு டன்னையும் ஏற்றி வைத்திருந்திருக்கிறாய். திருப்பி ஏற்றினேன். ஐம்பத்தைந்து சரியாக வந்தது. எமிலி வந்து, உன் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். போ என்று அவளும் சொல்லவில்லை, போகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, மதியம் கரண்ட் போவதற்குள் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் கரண்ட் அதன் இஷ்டத்துக்குப் போகிறது, நீ இருந்த காலம் சொர்க்கம். கம்ப்யூட்டரின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பினோம். எமிலி பின்னால் நின்றாள். உள்ளே டிஸ்க் கரகரத்தது.

ஆலங்காயத்து மலை போல இரண்டு பக்கமும் மேடு, நடுவில் ஒரு கணவாய், அதைக் காக்கிற மூன்று ரோபோக்கள். இடது தோளைக் காட்டிக்கொண்டு போனேன். முதலாவதை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது ஓடி ஒளிந்தது, தேடிப் பிடித்தேன். மூன்றாவது மேட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தது. நூறு டன். இரண்டு கையிலும் ஒரே ஆயுதம், இரண்டு தோளிலும் ஒரே அளவு ஏவுகணை. என் ராஜாளியேதான் அக்கா! அதைப் பார்த்து ஒரு கணம் மயங்கி நின்றுவிட்டேன். என்ன ஜோடி!

"சுடுங்க! இன்னா வேடிக்க பாக்குறீங்க!"

சுட்டேன். சுட்டேன். நீ சிவப்பு விளக்கு வருமுன் கையை எடுப்பாய். நான் எடுக்கவில்லை. மேட்ரன் கொதித்துப்போய் நின்றுவிட்டது. திரை இருண்டது. சத்தம் மட்டும் கேட்டது, மேலே விழுகிற ஒவ்வொரு அடியும். செய்ய ஒன்றுமில்லை. விசையை அழுத்தினால் வேலை செய்யாது. ஓரத்தில் ஒரு சின்னப் படத்தில் மட்டும் இடது கை மஞ்சளாகிச் சிவப்பாகிக்கொண்டிருந்தது. நின்றுபோவதற்கு முன் தற்செயலாகவோ என்னவோ இடது தோளைத்தான் காட்டி நின்றிருந்தேன். எமிலி அருள் நிறைந்த மரியே செபத்தைத் தொடங்கிவிட்டாள். நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது போலவே உட்கார்ந்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல், இன்னும் கொஞ்சம் தாங்கு, இன்னும் கொஞ்சம் என்று.

இடது கை கறுத்தது. விழுந்தது.

அந்த நேரத்தில் சூடு தணிந்து திரையில் விளக்கு வந்தது. திரும்பினேன். வலது கையில் இரண்டு லேசரும் அப்படியே இருந்தன, ஒரு கீறல் இல்லாமல்.

எமிலி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்துவிட்டார்கள். திரையில் வெற்றி என்று வந்தது, அதன் கீழே வீரரின் பேர்: பிலோ. ஓட்டியது நான், பேர் உனக்கு. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நிரல் மாதிரியேதான். இந்தத் தடவை கேக்கை நாங்கள் சாப்பிட்டோம்.

கடைசியாகப் பட்டறைத் திரை வந்தது. மேட்ரன் இடது தோளோடு முடிந்து நின்றது. புது இடது கை பொருத்தவா என்று கேட்டது. என் விரல் துடித்தது உனக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு பக்கம் கை, ஒரு பக்கம் வெறுமை. இதைவிடப் பொருந்தாத எதையும் நான் என் மேஜையில் பார்த்ததில்லை. வேண்டாம் என்று அழுத்தினேன். சேமிக்கவா என்று கேட்டது. ஓகே குத்தினேன்.

கரண்ட் போனது.

டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போகிறபோது போகட்டும். நான் இப்போதும் சாயந்திரம் எழுந்து எழுந்து நடக்கிறேன். சண்டை முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. இது எந்தப் பெட்டியாலும் தணியாத சூடு போலிருக்கிறது.

போன கல்லறைத் திருநாளில் உன் கல்லின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் மெழுகுவர்த்தி வைத்தேன். மாமாகூட, "மச்சான் வெச்சா தனி நேர்த்திதான்" என்றார். உனக்குக் குமட்டியிருக்கும்.

இந்த வருஷம் வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. எல்லா மெழுகுவர்த்தியையும் வலது பக்கமே வைப்பேன். இடது பக்கத்தில் ஒன்றுகூட இருக்காது. ஜோடி பார்க்கிறவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊர் பேசும், மாமா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டை எடுத்து இந்தப் பக்கம் வைக்க வருவார். விட மாட்டேன். காற்றடிக்கிற அந்த இடது பக்கத்தில் நானே நின்றுகொள்கிறேன்.

உன் ஒத்தைத் தம்பி,
சவரி